லோகமணியின் டப்பா

முதல்நாள் வந்தபோது நாக்கை நீட்டச் சொன்னேன்.
எழுதாத தாள் மாதிரி இருந்தது.
ரத்தம் ஐந்து புள்ளி எட்டு.
இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டுதான்
விடியுமுன் கம்பத்தில் ஜீப் பிடித்து
மெட்டு ஏறி, எல்லை தாண்டி,
ஏலத்தட்டைக்குள் குந்திக் காய் எடுக்கிறாள்.

"மூச்சு வாங்குதா?"
"ஏத்தத்துல எல்லாத்துக்கும் வாங்கும்."
"மண்ணு திங்கிறியா?"
பதில் இல்லை. முந்தானை முடிச்சில்
சிலேட்டுக் குச்சி இரண்டு
வெள்ளையாய் எட்டிப் பார்த்தன.

கொக்கிப்புழு வரும் வழியைச் சொன்னேன்.
வெறுங்கால் விரலிடுக்கில் நுழையும்,
ரத்தத்தில் மிதந்து நெஞ்சுக்கு ஏறும்,
இருமலில் தொண்டைக்கு வரும்,
விழுங்கினால் இறங்கும்,
இரைப்பையில் நிற்காது,
அதைத் தாண்டிய சிறுகுடலின் மேல்பகுதியில்
பல்லால் கவ்விக்கொண்டு குடிக்கும்.

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்ப அதுவும் மெட்டு ஏறி எறங்குது.
ஜீப்புக் காசு யாரு குடுக்கா?"

தோட்டத்தில் அறுபது பொம்பளைகள்.
கக்கூஸ் கிடையாது.
குரியச்சன் ஒரு விசில் ஊதி
மறு விசில் ஊதுவதற்குள்
தட்டைக்குள் ஒதுங்கி எழுந்துவிட வேண்டும்.
அடுத்த சுற்றில் அதே ஈர மண்ணில்
அதே கால்கள்.
பூட்ஸ் உண்டு. கேட்டால் கூலியில் பிடிப்பார்கள்.

டப்பா கொடுத்தேன்.
வேலைக்குப் போன இடத்தில்தான் அவளுக்கு வரும்;
சாயங்காலம் இறங்கும்போது கொண்டுவந்து
என் ஜன்னல் திட்டில் வைக்கச் சொன்னேன்.

செக்போஸ்ட்டில் ஜீப்பை நிறுத்தினார்களாம்.
காய் கடத்துகிறார்கள் என்று யாரோ போட்டுக்கொடுத்த வாரம் அது.
முந்தானையை உதறு, தூக்குச்சட்டியைத் திற.
"இதிலெந்தா?"
லோகமணி வாயைத் திறக்கவில்லை.
காவலர் டப்பாவைத் திறந்தார்.

பிறகு யாரையும் சோதிக்கவில்லை.
தூரத்திலிருந்தே கை காட்டிவிட்டார்
"போ, போ, வேகம் போ."
கீழே வரும் வரைக்கும்
ஜீப்பே குலுங்கக் குலுங்கச் சிரித்ததாம்.
டிரைவர் செல்வின் ஒரு வளைவில் நிறுத்தி
கண்ணைத் துடைத்துக்கொண்டானாம்.

அன்றிரவு பூட்டிய கூடத்தைத் திறந்து பார்த்தேன்.
மெல்லிய ஓடு, உள்ளே நான்கு உருண்டை.
ஏலக்காய்க்குள் மூன்று அறை என்பார்கள்;
இதற்குள் நான்கு.
ஒரு புலத்தில் பதினெட்டு எண்ணி நிறுத்தினேன்.

மாத்திரை ஒன்று. இரும்புச் சத்து மூன்று மாதத்துக்கு.
"செத்தா அது எங்க போவும்?"
"வெளிய."
"பாவம்" என்றாள். எதைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் அவள் ஜீப்பே வந்து நின்றது.
எங்களுக்கும் டப்பா வேணும்.
எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன்,
சுகாதார முகாம், தட்டி, ஒலிபெருக்கி,
ஒருத்தி தரவில்லை.
இப்போது பதினைந்து பேர் வரிசையில்.
எதற்கென்று எனக்குத் தெரியும்.
தெரியாதது போல எண்ணிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை
ஜன்னல் திட்டு நிறைய டப்பா.
சீலையம்மா, உண்டு. பவுன்தாய், உண்டு.
குருவம்மா, நிறைய உண்டு.
டிரைவர் செல்வினும் ஒன்று வைத்திருந்தான், உண்டு.
பதினைந்தில் பதினொன்று.

பதினாறாவது லோகமணி.
மாத்திரை கேட்டதா என்று பார்க்க
நான்தான் மறுபடி கேட்டிருந்தேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
கையுறை விரலால் மூடியைத் திருகினேன்.

பச்சை.
உருண்டு திரண்ட எட்டுக் காய்,
மேலே கொஞ்சம் மண்.

அறை முழுக்க மணந்தது,
இருபது வருஷமாய் ஃபினாயில் மட்டும் மணந்த அறை.

பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே
"மாதிரி போதாது" என்று எழுதினேன்.
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.
அவளுக்குள் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா,
ஒரு காயும் சொல்லவில்லை.